மணமுறிவும் வீட்டுக் கடனும்: கூரையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள்

வலிகாமம் வடக்கில் 1990 இல் இடம்பெயர்ந்து, காணி விடுவிக்கப்பட்ட பின்னர் திரும்பி வந்த ஒரு தாயை நாம் சந்தித்தோம். முகாமில் இருந்த காலத்திலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கண்ணால் பார்க்கக்கூட முடியாதிருந்த காணியைத் தாயார் சீதனமாக எழுதிக்கொடுத்தார். திரும்பி வந்து பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வீட்டுத்திட்டப் பணத்தில் சுவர் எழுப்பினார்கள். கூரை மட்டத்துடன் பணம் முடிந்துவிட்டது. மீதி வேலைக்காகக் காணியை வங்கியில் ஈடுவைத்து 6 இலட்சம் ரூபா கடன் எடுத்தார்கள். மாதத் தவணை 9,500 ரூபா. ஓடு போட்டு இரண்டு வருடம் ஆகுமுன்னரே கணவர் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

“அவர் போனது போகட்டும். இந்த வீட்டுக் கடனை நான் என்னெண்டு கட்டிறது?” என்று அவர் எங்களைக் கேட்டார்.

அன்று நாம் கூறிய பதில் பிழையானது. “விவாகரத்து வழக்கு முடியட்டும் தங்கச்சி, யார் கட்டவேண்டுமென்று கோடு சொல்லும், அதுவரை பொறுங்கோ” என்றோம். அவரும் பொறுத்தார். பதினான்கு மாதங்கள் கழித்து வங்கியிலிருந்து கடிதம் வந்தது. தவறிய தவணைகள் மட்டும் 133,000 ரூபா. அதற்கு மேல் தாமத வட்டி. வழக்கோ இரண்டாம் தவணைக்குத்தான் வந்திருந்தது. தாய் தந்த காணி ஏலத்துக்குப் போகும் நிலை.

நாம் விட்ட இப்பிழையை வேறெவரும் விடக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். மேலே சொன்ன தாயின் கதையில், அடையாளம் தெரியாதபடி, வேறு சிலரின் அனுபவங்களையும் சேர்த்துள்ளோம்.

வங்கிக்கு விவாகரத்து இல்லை

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். கணவனும் மனைவியும் பிரியலாம். ஆனால் கடன் உறுதியில் வைத்த கையொப்பங்கள் பிரிவதில்லை. இருவரும் கடனாளிகளாக ஒப்பமிட்டிருந்தால், வங்கி முழுத் தொகையையும் இருவரில் எவரிடமிருந்தும் கேட்கலாம். “கடனை அவர் கட்டவேண்டும்” என்று நீதிமன்று தீர்த்தாலும், அத்தீர்ப்பு இருவருக்கும் இடையிலானதே. அவர் கட்டாவிட்டால் வங்கி ஈட்டுக் காணியைத்தான் பார்க்கும். வழக்கு வைத்து விற்பிக்கும் வழி ஒன்று. அதைவிட, 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு வழக்கில்லாமலே ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கும் அதிகாரத்தைத் தந்தது. கடன் தொகையைப் பொறுத்துச் சில விலக்குகள் பின்னர் சேர்க்கப்பட்டன. எனவே வங்கியின் கடிதம் வந்தால் பெட்டிக்குள் வைத்துவிடாமல், அன்றைக்கே யாரிடமாவது காட்டி விளக்கம் கேளுங்கள்.

மூன்று விடயங்களைத் தேடிப் பிடியுங்கள்

முதலாவது, காணி யாருடைய பெயரில் உள்ளது என்பது. இடப்பெயர்வில் உறுதி தொலைந்தவர்கள் பலர். பயப்பட வேண்டாம். நொத்தாரிசு தான் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். அங்கே விண்ணப்பித்துப் பிரதி பெறலாம். பதிவேட்டைப் பார்த்தால் காணியின் மேல் எந்த ஈடு உண்டு என்பதும் தெரியவரும். விவாகப் பதிவுத் துண்டு இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்கலாம்.

இரண்டாவது, யார் என்னவென்று ஒப்பமிட்டார்கள் என்பது. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தின் கீழ், மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அதனால்தான் கணவரின் கையொப்பத்தை வங்கி கேட்கின்றது. அவர் சம்மதத்துக்கு மட்டும் ஒப்பமிட்டாரா, கடனாளியாகவும் ஒப்பமிட்டாரா என்பதில் பெரிய வித்தியாசம் உண்டு. சம்மதத்துக்கு மட்டும் என்றால், வங்கி அவரிடம் கடனைக் கேட்க முடியாமற் போகலாம். பிணையாளிகள் இருந்தால் அவர்களுக்கும் நிலைமையைச் சொல்லிவையுங்கள். பிறர் வாயால் கேள்விப்பட்டால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

மூன்றாவது, இன்றைய திகதியில் மீதிக் கடன் எவ்வளவு என்பது. முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தாமத வட்டி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரும்படி வங்கியிடம் கேளுங்கள்.

சீதனம், முதுசம், தேடியதேட்டம்

வடமாகாணத் தமிழர்களுக்குரிய தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947 இல் வந்த திருத்தமும் இன்று சொத்துரிமைக்கு அடிப்படையாக உள்ளன. சுருக்கமாகச் சொன்னால், மனைவியின் சீதனமும் முதுசமும் மனைவிக்கே. கணவரின் முதுசம் கணவருக்கே. திருமண வாழ்க்கையின்போது தம் சொந்தச் சொத்திலிருந்து எடுக்காத பணத்தில் வாங்கியதும், சொந்தச் சொத்திலிருந்து அக்காலத்தில் வந்த இலாபமும் தேடியதேட்டம் ஆகும். திருமணம் நீதிமன்றினால் கலைக்கப்படும்போது ஒருவருடைய தேடியதேட்டத்தில் மற்றவருக்கு அரைவாசி உரித்து உண்டு.

சிக்கல் எழுவது, ஒருவரின் காணியில் இருவரின் உழைப்பால் வீடு கட்டப்பட்ட இடத்தில்தான். மண் யாருடையதோ கட்டடமும் அதனோடு சேரும் என்பது பொது விதி. ஆனால் காசு போட்டவர் இழப்பீடு கேட்டு வாதாடலாம். ஆகவே சீமெந்து வாங்கிய பற்றுச்சீட்டு, நகை அடைவு வைத்த துண்டு, மேசனுக்குக் கொடுத்த கணக்கு எதையும் எறியாதீர்கள். கணவரின் முதுசக் காணியில் எழுந்த வீட்டுக்குள் எத்தனை பெண்களின் தாலிக்கொடியும் காப்பும் கரைந்திருக்கின்றன! அவற்றுக்குச் சாட்சி அந்தத் துண்டுகள்தான்.

கிழக்கு மாகாணத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது. பொதுச் சட்டமே பொருந்தும். அங்கு 1923 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி மணமான பெண் தன் சொத்தைக் கணவரின் சம்மதமின்றியே கையாளலாம்.

வடக்கிலும், கணவர் கைவிட்டுச் சென்றால், அவர் இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தால், மாவட்ட நீதிமன்றில் மனுச் செய்து அச்சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றின் அனுமதியைப் பெறலாம். “அவர் ஒப்பம் வைக்கமாட்டாராம், அதனால் ஒன்றும் செய்யேலாது” என்று சோர்ந்திருக்கும் சகோதரிகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

அரசாங்க அனுமதிப்பத்திரக் காணியில் குடியிருப்போரின் நிலை வேறு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. பேமிற்றை வட்டிக்காரரிடம் கொடுத்துப் பணம் வாங்குவது ஆபத்தான வேலை. பிரிவு ஏற்பட்டால் பேமிற் தானாக இரண்டாகப் பிரியாது. எனவே வழக்குக்குப் போகுமுன் பிரதேச செயலகக் காணிப் பகுதியில் உங்கள் நிலையைக் கேட்டறியுங்கள். வீட்டுத்திட்ட வீடு என்றால், விற்பதற்குத் தடை நிபந்தனை உண்டா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

வழக்கு முடியும் வரை என்ன செய்வது?

நம் நாட்டில் இருவரும் சம்மதித்தால் மட்டும் விவாகரத்துக் கிடைத்துவிடாது. சோரம், கெட்ட எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல் போன்ற காரணத்தை நிரூபிக்கவேண்டும். இடைக்காலத் தீர்ப்புக்குப் பின்னரும் குறைந்தது மூன்று மாதம் கழித்தே முடிவுத் தீர்ப்பு வரும். வழக்கு வருடக்கணக்கில் இழுபடலாம். இந்த இடைக்காலத்தில்தான் பலருடைய வீடு போகின்றது.

தவணையை முற்றாக நிறுத்தாதீர்கள். முழுவதும் முடியாவிட்டால், தவறுவதற்கு முன்னரே வங்கி முகாமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். மாதச் சம்பளமில்லாத கமக்காரருக்கு மாதத் தவணை பொருந்தாது. காலபோக அறுவடைக்குப் பின் ஒரு தொகை, வெங்காயம் கிண்டியபின் ஒரு தொகை என்று மாற்றித்தர முடியுமா, சில மாதம் வட்டியை மட்டும் கட்டலாமா என்று கேளுங்கள். கேட்பது எல்லாம் கிடைக்கும் என்றில்லை. ஆனால் கேட்காதவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. மாற்றிய ஒழுங்கில் மொத்த வட்டி எவ்வளவு கூடும் என்பதையும் ஒப்பமிடுமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

தாபரிப்புக் கேளுங்கள். 1999 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தின்படி, வசதியிருந்தும் மனைவியை அல்லது பிள்ளையைப் பராமரிக்காதவருக்கு எதிராக நீதவான் நீதிமன்றில் விண்ணப்பிக்கலாம். இதற்கு விவாகரத்து வழக்கு இருக்கவேண்டியதில்லை. விவாகரத்து வழக்கு நடக்கும் மாவட்ட நீதிமன்றிலும் இடைக்காலத் தாபரிப்புக் கேட்க இடமுண்டு. செலவுக் கணக்குக் கொடுக்கும்போது அரிசி, பாடசாலைச் செலவு மட்டும் எழுதிவிடாதீர்கள். வீட்டுத் தவணை, மின்சாரம், கூரைத் திருத்தம், வாடகையிருந்தால் வாடகை என்பவற்றையும் எழுதுங்கள்.

கையில் காசு கொடுக்காதீர்கள். கணவர் கட்டினாலும் மனைவி கட்டினாலும், கடன் கணக்கில் நேரே வைப்பிலிட்டுத் துண்டை வைத்திருங்கள். யார் எவ்வளவு கட்டினார் என்பது பின்னர் பங்கு பிரிக்கும்போது பேசும்.

சொத்து கைமாறாமல் பாருங்கள். காணி மற்றவர் பெயரில் இருந்து, அவர் விற்றுவிடுவார் என்ற பயம் இருந்தால், தடை உத்தரவு கேட்பது பற்றியும், வழக்கைக் காணிப் பதிவகத்தில் பதிவது பற்றியும் சட்டத்தரணியிடம் தாமதமின்றிப் பேசுங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. நீதவான் வழங்கும் பாதுகாப்புக் கட்டளை, அடிப்பவர் வீட்டுக்குள் வருவதைத் தடுக்கலாம். குடும்பத்தைத் தெருவில் விடும் வகையில் வீட்டை விற்பதையும் ஈடுவைப்பதையும் தடுக்கலாம்.

ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள். வாரந்தோறும் வாசலுக்கு வந்து அறவிடும் சிறுகடனை எடுத்து வங்கித் தவணை கட்டிய குடும்பங்களை நாம் அறிவோம். கடைசியில் அவர்களுக்கு வங்கிக் கடனும் இருந்தது, வாரக் கடனும் இருந்தது.

விற்பதா, வைத்திருப்பதா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். தேடியதேட்டமான வீடும் வளவும் 16 இலட்சம் பெறுமதி என்றும், மீதிக் கடன் 4 இலட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். விற்றுக் கடனை அடைத்தால் 12 இலட்சம் மிஞ்சும். ஆளுக்கு 6 இலட்சம். பிள்ளைகளுடன் இருப்பவர் மாதம் 10,000 ரூபா வாடகைக்குப் போனால் வருடத்துக்கு 120,000. ஐந்து வருடத்தில் அந்த 6 இலட்சமும் முடிந்துவிடும். மாதம் 9,500 தவணையைக் கட்டி இருந்த வீட்டிலேயே இருந்தால், கடன் முடியும் நாளில் கூரை சொந்தம். ஆனால் 9,500 கட்ட வழியே இல்லையென்றால், ஏலத்தில் அறாவிலைக்குப் போவதிலும் பார்க்க நாமே நல்ல விலைக்கு விற்பது மேல். இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தம் தொகைகளைப் போட்டு எழுதிப் பார்க்கவேண்டும்.

ஒருவர் மற்றவரின் பங்கை எடுத்துக்கொண்டு கடனையும் ஏற்பதாக இருந்தால், வாய்ப்பேச்சு போதாது. பங்கு நொத்தாரிசு உறுதி மூலம் மாறவேண்டும். விலகுபவரைக் கடனிலிருந்து விடுவித்ததாக வங்கியும் எழுத்தில் தரவேண்டும். இந்த இரண்டாவதை மறந்து, தான் வாழாத வீட்டின் கடனுக்குக் கடிதம் பெற்ற ஆண்களும் உண்டு. இரண்டு இடத்தில் செலவு பார்க்கும் கணவரின் சுமையையும் நாம் நியாயமாக எண்ணவேண்டும். நீதிமன்றுக்குப் போகுமுன் இருவரும் பெரியவர் ஒருவரை வைத்து, வீட்டுக் கடனைப் பற்றி மட்டுமாவது ஒரு இணக்கத்துக்கு வந்து எழுதிக்கொண்டால், வழக்குச் செலவிலேயே பல தவணை மிஞ்சும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அந்த ஆணைக்குழுவின் நிலையங்கள் நீதிமன்றங்களை அண்டி இயங்குகின்றன. வருமானம் குறைந்தவர் என்பதற்குக் கிராம அலுவலரின் கடிதத்தையும் கொண்டு போங்கள்.

அந்தத் தாயிடம் நாம் மீண்டும் போனோம். எமது பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவருடன் வங்கிக்கும் சென்றோம். தவறிய தொகையைப் பின்னுக்குத் தள்ளி, தவணையை வெங்காயப் போகத்தை ஒட்டி மாற்றிக் கொடுத்தார்கள். தம்பியார் வளவில் நடுகை செய்து இலாபத்தில் பங்கு கொடுக்கின்றார். பிள்ளைகளுக்கு நீதவான் நீதிமன்றின் தாபரிப்புக் கட்டளை கிடைத்துள்ளது. பணம் சில மாதம் வரும், சில மாதம் வராது. விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. கடனும் முடியவில்லை. ஆனால் ஏலக் கடிதம் நின்றுவிட்டது.

போன முறை சென்றபோது, தவணைத் துண்டுகளை ஒரு பால்மாப் பேணிக்குள் அடுக்கி வைத்திருப்பதை எடுத்துக் காட்டினார். “முந்தி உறுதியைக்கூட விட்டிட்டு ஓடினாங்கள். இப்ப ஒரு துண்டும் விடுறதில்லை” என்றார். இதை வாசிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பேணி இருக்கட்டும்.