வாங்கும் மனசு – 11: பார்த்துப் பழகிய பெயர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள். இரண்டிலும் மாணவர்களுக்கென்று நாளிதழ் உண்டு. 1960களின் கடைசியில் அந்த இரண்டு இதழ்களின் முதல் பக்கத்திலும் கட்டம் கட்டிய ஒரு சின்ன விளம்பரம் வரத் தொடங்கியது. ஒரு நாள் ‘காடிர்கா’, இன்னொரு நாள் ‘நன்சோமா’, வேறொரு நாள் ‘இக்திதாஃப்’. துருக்கி மொழிபோல ஒலிக்கும் ஒற்றைச் சொல், அவ்வளவுதான். படமோ விலையோ கிடையாது. எதற்கான விளம்பரம் என்றும் தெரியாது. விசாரித்தவர்களுக்கு, இடம் வாங்கியவர் தன் பெயரை வெளியிட விரும்பவில்லை என்று பதில் வந்தது.

இடம் வாங்கியவர்கள் ராபர்ட் ஸயோன்ட்ஸ், ராஜெக்கி என்ற இரு உளவியலாளர்கள். மொத்தம் ஐந்து சொற்கள். ஒன்று ஒரே ஒரு முறை வந்தது. மற்றவை 2, 5, 10, 25 முறை. ஒரு வளாகத்தில் 25 முறை வந்த சொல் அடுத்த வளாகத்தில் ஒரு முறைதான் வரும்படி மாற்றிப் போட்டிருந்தார்கள். எல்லாம் முடிந்தபின் மாணவர்களிடம் கேட்டார்கள்: இந்தச் சொல்லுக்கு நல்ல அர்த்தம் இருக்குமா, கெட்ட அர்த்தம் இருக்குமா? அதிகம் கண்ணில் பட்ட சொல்லுக்கே நல்ல அர்த்தம் இருக்கும் என்றார்கள். ஓசை இனிமையாக இருந்ததால் பிடித்தது என்றும் சொல்ல வழியில்லை. ஒரு வளாகத்தில் பிடித்த சொல் அடுத்த வளாகத்தில் பிடிக்காமல் போயிருந்தது.

1969இல் வெளியான இந்தச் சோதனையை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நடிகர் முகமும் பாட்டும் வாக்குறுதியும்தான் நம்மை மயக்குகின்றன என்று நினைக்கிறோம். அவை எதுவுமே இல்லாமல், திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதே பிரியத்தை உண்டாக்கிவிடுகிறது.

‘நான் விளம்பரமே பார்ப்பதில்லை’ என்பவர்களும் இதிலிருந்து தப்புவது கடினம். 1980இல் ஸயோன்ட்ஸும் இன்னொரு ஆய்வாளரும் எண்கோண வடிவங்களை ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். எதைப் பார்த்தோம் என்று பார்த்தவர்களால் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆனால் எது பிடித்திருக்கிறது என்று கேட்டபோது, ஏற்கெனவே காட்டிய வடிவங்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள்.

இப்போது மளிகைக் கடைக்கு வாருங்கள். “அண்ணாச்சி, பாத்திரம் விளக்குற சோப்பு ஒண்ணு குடுங்க.” “எதும்மா வேணும்?” அந்தக் கேள்விக்கு யாரும் நின்று யோசிப்பதில்லை. ஒரு பெயர் தானாக வாயில் வருகிறது. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் சோப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமும் தெரியாது. பழகிய பெயர் ஜெயிப்பது இந்த இடத்தில்தான். மிளகாய்த்தூள் கதை வேறு. ஒரு தடவை குழம்பு சப்பென்று போய்விட்டால் எத்தனை முறை விளம்பரம் போட்டாலும் அந்த வீட்டுக்குள் அது மறுபடி நுழையாது. நம் நாக்கும் கையும் சரிபார்க்க முடியாத பொருள்களில்தான் விளம்பரத்துக்கு முழு பலம்.

சொல்லும் செய்திக்கும் இது பொருந்தும். 1977இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை மாணவர்களிடம் சில வாக்கியங்களைக் கொடுத்து உண்மையா பொய்யா என்று கேட்டார்கள். திரும்ப வந்த வாக்கியங்கள், பொய்யாக இருந்தவையும்கூட, போகப் போக உண்மையாகத் தோன்றின.

பெரியவர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வோம். என்னை வருத்துவது குழந்தைகள் விஷயம். 2007இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயது வரையிலான 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகப் பொதிந்து கொடுத்தார்கள். ஒன்று வெறும் தாளில், இன்னொன்று மெக்டொனால்ட்ஸ் தாளில். மெக்டொனால்ட்ஸ் தாளில் இருந்ததுதான் ருசி என்று சொன்ன குழந்தைகளே அதிகம். அந்தத் தாளில் வைத்த கேரட்டுக்கும் அதே பாராட்டு! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிகள் அதிகம் இருந்த குழந்தைகளிடம் இந்தச் சாய்வு கூடுதலாக இருந்தது.

கனடாவின் கியூபெக் மாநிலம் 13 வயதுக்குக் கீழானவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களை 1980 முதல் தடுத்து வைத்திருக்கிறது. ஸ்வீடனில் 12 வயதுக்குக் கீழானவர்களைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு 1991இல் தடை வந்தது. நம் நாட்டில் 2022இல் வந்த விதிகள், சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளிலும் அவர்களுக்கென்றே உள்ள சேனல்களிலும் விளம்பரப்படுத்தக் கூடாது என்கின்றன. வரவேற்கத்தக்க விதி. ஆனால் நம் பிள்ளைகள் கார்ட்டூன் மட்டுமா பார்க்கிறார்கள்? தாத்தாவோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார்கள், அம்மாவோடு சீரியல் பார்க்கிறார்கள். ஓவருக்கு ஓவர் அதே குளிர்பானம் அங்கே வருகிறது. அவை குழந்தைகள் நிகழ்ச்சி அல்ல என்பதால் அந்த விதி அங்கே எட்டுவதில்லை. நிகழ்ச்சி யாருக்கானது என்பதை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் எத்தனை குழந்தைகள் பார்க்கிறார்கள் என்பதை வைத்து விதியைத் திருத்த வேண்டும்.

(தொடரும்)