மடிந்த வண்டல் காட்டும் ஏரியடிச் சரிவு

லிசான் படிவு
சாக்கடலின் மேற்குக் கரை
சுமார் 70,000 முதல் 15,000 ஆண்டுகளுக்கு முன்

எதிரே தெரியும் வெள்ளை, பழுப்பு வரிகள் லிசான் ஏரியின் அடியில் படிந்தவை. சாக்கடலுக்கு முன் இப்பள்ளத்தாக்கை நிரப்பியிருந்த ஏரி அது. வெள்ளை வரி, நீரிலிருந்து பிரிந்து படிந்த அரகொனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமம். பழுப்பு வரி, மழைக்கால வெள்ளம் கொண்டுவந்த வண்டல். ஒவ்வொன்றும் சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனே.

மடிந்து சுருண்ட பட்டையைப் பாருங்கள். அதற்கு மேலும் கீழும் உள்ள வரிகள் குலையாமல் கிடக்கின்றன. ஆகவே, வண்டல் இறுகுவதற்கு முன்பே மடிப்பு ஏற்பட்டுவிட்டது. நிலநடுக்கத்தில் குலுங்கிய ஈர வண்டல் சரிவில் வழுக்கியது. மடிப்புகளின் மேல் புதிய வண்டல் மீண்டும் அடுக்கடுக்காகப் படிந்தது.

தள்ளிய பாய் சுருங்குவதுபோல, வழுக்கும் வண்டல் தான் நகரும் திசைக்குக் குறுக்கே மடியும். மடிப்பின் தலை பெரும்பாலும் இறக்கத்தின் பக்கம் சாயும். ஆய்வாளர்கள் பல மடிப்புகளின் அச்சையும் சாய்வையும் திசைகாட்டியால் அளந்து, அன்றைய சரிவை அறிகின்றனர்.

மேற்குக் கரையின் வடபகுதியில் மடிப்புகள் தென்கிழக்காகவும், நடுவில் கிழக்காகவும், தெற்கில் வடகிழக்காகவும் சாய்ந்துள்ளன. மூன்றும் சுட்டுவது ஏரிப் படுகையின் ஆழமான நடுப்பகுதியையே. அன்றைய சரிவு 1 பாகைக்கும் குறைவு. நிலம் அதிர்ந்தால், ஈர வண்டல் வழுக்க அந்தச் சிறு சரிவே போதும்.