பவர் டில்லர் பழகும் மனைவிக்குப் பொறுமையான பயிற்சியாளர்

கோடை மழை பெய்தபின் மண் உழவுக்கேற்ற பதத்தில் இருப்பது ஒரு சில நாட்களே. அந்நாட்களில் ஊரிலுள்ள எல்லோருக்கும் ஒரே சமயத்தில் டிரைவர் தேவைப்படுகிறார். கணவர் வெளியூர் வேலைக்குச் சென்றிருந்தால், கொட்டகையில் சொந்தப் பவர் டில்லர் நின்றாலும் நிலம் உழவின்றிக் காய்ந்து விடுகிறது. பதம் தவறிய மண்ணில் கட்டிகள் எழும். விதைப்பும் தள்ளிப் போகும். வீட்டுப் பெண்மணிக்கு இயந்திரத்தை ஓட்டத் தெரிந்திருந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம்.

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி நம் நாட்டின் பண்ணைகளில் ஏறக்குறைய 14 விழுக்காடு பெண்களின் பொறுப்பில் உள்ளன. 2014-15ல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில், மகளிருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் பல இயந்திரங்களின் விலையில் 50 விழுக்காடு வரையும், மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரையும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுக்கப்பட்டது. எனினும் இயந்திரம் மனைவியின் பெயரில் இருக்க, அதன் கைப்பிடியை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை என்ற நிலையைப் பல வீடுகளில் காணலாம். ஆர்வமின்மை இதற்குக் காரணமன்று. முதல் நாள் கற்றுக்கொடுத்த முறையே பெரும்பாலும் காரணமாகும்.

கணவரே கற்றுக்கொடுப்பதில் உள்ள சிரமம்

பல ஊர்களில் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. உழவு அவசரத்தின் நடுவே கணவர் இயந்திரத்தை ஸ்டார்ட் செய்து, கைப்பிடியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நடந்து வருகிறார். ஓடும் பவர் டில்லரின் இரைச்சல் 90 டெசிபல் அளவை எட்டக்கூடியது. அந்த இரைச்சலில் சாதாரணமாகச் சொன்னால் காதில் விழாது; கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்திச் சொன்னது கோபமாகப் படுகிறது. இயந்திரம் வரப்பை நெருங்கியதும் கணவர் பாய்ந்து கைப்பிடியைப் பிடுங்கிக்கொள்கிறார். வரப்பில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். மறுநாள் அப்பெண்மணி வயலுக்கு வரமாட்டார்.

கணவருக்குத் திறமை இல்லை என்பது இதற்குப் பொருளல்ல. பத்து ஆண்டுகள் ஓட்டியவருக்கு வேலை கையில் படிந்துவிடுகிறது. எந்த நெம்புகோலை எப்போது, ஏன் விடுகிறோம் என்பதை அவரால் வாயால் சொல்ல முடிவதில்லை. போட்ட பணத்தைப் பற்றிய கவலையும், விதைக்கும் நாள் கடந்து போகிறதே என்ற பதற்றமும் சேர்ந்துகொள்கின்றன. ஆதலால் முதல் ஒரு வாரப் பயிற்சியை வேறொருவரிடம் ஒப்படைப்பது நல்லது.

யாரை அணுகலாம்?

ஏற்கெனவே இயந்திரம் ஓட்டும் பெண் அக்கம்பக்கத்தில் இருந்தால் அவரே முதல் தேர்வு. தாம் பயந்த இடம் எது என்பது அவருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் 1986ல் டென்மார்க் நாட்டு உதவியுடன் தொடங்கிய 'தான்வா' திட்டத்தில், பெண் வேளாண் அலுவலர்கள் கிராமங்களுக்கே சென்று பண்ணை மகளிருக்குச் சிறு குழுக்களாகப் பயிற்சி அளித்தனர். பயிற்சி பெற்றவர்கள் தாம் கற்றதை மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தனர். பெண்ணுக்குப் பெண் கற்றுத்தரும் இம்முறை இயந்திரப் பயிற்சிக்கும் பொருந்தும்.

அப்படி ஒருவர் இல்லையெனில், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் இயங்கி வருகிறது. வாடகைக்கு ஓட்டும் அனுபவமுள்ள டிரைவரையும் அமர்த்தலாம்; அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துவிட வேண்டும். இலவசமாக வருபவர் சீக்கிரம் முடித்துப் போகவே பார்ப்பார்.

தேர்ந்தெடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

ஒருவர் பொறுமைசாலியா என்பதை அவருடைய இனிய பேச்சைக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. அவர் வேறொருவருக்குக் கற்றுத்தருவதை அரை மணி நேரம் பார்த்தாலே போதும்.

1. எஞ்சின் ஓடாதபோது விளக்குகிறாரா, ஓடும்போது கத்துகிறாரா? நல்ல பயிற்சியாளர் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லி, ஓடும்போது கைச்சாடை மட்டும் காட்டுவார்.

2. ஆபத்து இல்லாத தவறு நேரும்போது கைப்பிடியைப் பிடுங்குகிறாரா? சால் கோணலாவது ஆபத்தன்று. அதைக் கற்பவரே திருத்த விட வேண்டும்.

3. முதலில் எதைக் கற்றுத்தருகிறார்? ஓட்டுவதற்கு முன் நிறுத்தக் கற்றுத்தருபவரையே நம்பலாம்.

4. ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் வேறு விதமாக விளக்குகிறாரா?

5. கற்பவர் களைத்ததைத் தாமே கண்டு நிறுத்துகிறாரா? கைப்பிடியின் அதிர்வால் புதியவருக்குக் கைகள் விரைவில் மரத்துப்போகும். ஒரு வேளைக்கு 30 முதல் 40 நிமிடப் பயிற்சி போதும்.

பயிற்சியின் வரிசை

அறுவடை முடிந்த, சமமான, காய்ந்த வயலே பயிற்சிக்கு ஏற்றது. வேலை அவசரமில்லாத நாளாகவும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து கற்றால் ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பார்த்துக் கற்கலாம்; கூச்சமும் குறையும்.

முதல் நாள் எஞ்சினை ஓட்டவே வேண்டாம். கிளட்ச், கியர், ஆக்சிலேட்டர் ஆகியவற்றைத் தொட்டுக் காட்டி, கண்ணால் பார்க்காமலேயே கை அவற்றைத் தேடிப்பிடிக்கும் வரை பழக்க வேண்டும். டீசல், எஞ்சின் ஆயில் அளவு பார்ப்பதையும் அன்றே சொல்லிவிடலாம்.

இரண்டாம் நாள், இயந்திரத்தை நகர்த்தாமல் ஸ்டார்ட் செய்வதையும் நிறுத்துவதையும் பத்துப் பதினைந்து முறை செய்ய வேண்டும். ஹேண்டில் போட்டுச் சுற்றும் வகையாயின், கட்டை விரலையும் மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துப் பிடிப்பது அவசியம். எஞ்சின் பின்னுக்கு உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டை விரல் முறிய நேரிடும்.

மூன்றாம் நாள், சுழல் கத்திகளை இயக்காமல் முதல் கியரில் நேராக நடந்து பழகலாம். நான்காம் நாள் திருப்பம். இடப்பக்க ஸ்டியரிங் கிளட்சை அழுத்தினால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். ஐந்தாம் நாள் கத்திகளை இயக்கி, ஆழம் குறைத்து உழலாம்.

ஐந்து நாள் என்பது ஒரு கணக்கே. ஒரு பாடம் படியாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. பத்து நாளானாலும் குறையொன்றுமில்லை.

சொல்லாமல் விடக்கூடாத இரண்டு செய்திகள்

செங்குத்தான சரிவில் இறங்கும்போது ஸ்டியரிங் கிளட்ச் எதிர்மாறாக வேலை செய்யும். இடப்பக்கம் அழுத்தினால் அந்தச் சக்கரம் எஞ்சினின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். பழகியவர்களுக்கு இது தெரியும் என்பதால் சொல்ல மறந்துவிடுகிறார்கள். புதியவர் வாய்க்கால் கரையில் விழுவது இதனால்தான். சரிவில் குறைந்த கியரில் இறங்கி, ஸ்டியரிங் கிளட்சைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும்.

பின்கியர் போடும்போது சுழல் கத்திகள் சுழலவே கூடாது. பின்னால் மரமோ சுவரோ வரப்போ இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்த பிறகே பின்னோக்கி எடுக்க வேண்டும். இயந்திரத்துக்கும் மரத்துக்கும் இடையே ஓட்டுபவர் சிக்கினால் உயிருக்கே ஆபத்தாகும்.

உடையும் உயரமும்

முந்தானையை இழுத்துச் செருகி, மேலே முழுக்கைச் சட்டை அணிவது வயல் வேலை செய்யும் பெண்களுக்குப் பழக்கமானதே. பின்னலைக் கொண்டையாகக் கட்டிக்கொள்ள வேண்டும். சேலையின் கீழ்ப்பகுதி கத்திகளை எட்டாதபடி தூக்கிச் செருக வேண்டும்; சுடிதார் அணிபவர் துப்பட்டாவைக் கழற்றிவிடுவது நல்லது. காலுக்குச் செருப்பு போதாது. பாதம் முழுவதையும் மூடும் காலணி தேவை.

நம் நாட்டு உழவுத் தொழிலாளரில் பெண்களின் சராசரி உயரம் ஆண்களைவிடச் சுமார் 10 சென்டிமீட்டருக்கு மேல் குறைவு. ஆகவே கணவருக்கு அமைத்த கைப்பிடி உயரம் மனைவிக்குப் பொருந்தாது. மாற்றியமைக்க வசதி இருப்பின், முதல் நாளே முழங்கை உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாக அமைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் அதிர்வுள்ள இயந்திரங்களைத் தவிர்க்க வேண்டும்.

கணவரின் பங்கு

பயிற்சி நேரத்தில் கணவர் வயலில் நிற்காமல் இருப்பதே முதல் உதவி. அந்த ஒரு மணி நேரம் குழந்தைகளையும் மாடு கன்றுகளையும் கவனித்துக்கொள்வது இரண்டாவது உதவி. வீட்டு வேலையெல்லாம் முடித்துக் களைத்து வருபவரால் இயந்திரத்தில் கருத்தூன்ற முடியாது. மாலையில் "இன்னுமா வரவில்லை?" என்று கேட்பதைவிட, "இன்று என்ன கற்றாய்?" என்று கேட்பது பலன் தரும். பெரியவர்கள் வரப்பில் நின்று குறை சொன்னால், அதை நிறுத்தும் பொறுப்பும் கணவருடையதே.

கற்றுத் தேர்ந்ததற்கு அடையாளம்

நேராகச் சால் ஓட்டுவதை மட்டும் கொண்டு தேர்ச்சியை அளக்கக் கூடாது. பயிற்சியாளர் எதிர்பாராத நேரத்தில் கையை உயர்த்தியதும், பதறாமல் கிளட்சை விடுவித்து நிறுத்துகிறாரா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஆறியபின் டீசல் நிரப்புவதையும், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வதையும், பெல்ட் தளர்வைப் பார்ப்பதையும் அவர் தனியே செய்ய வேண்டும். இவற்றை அறிந்தவரே இயந்திரத்துக்கு உண்மையான உரிமையாளர்.

அடுத்த மழைக்கு முன் ஒரு வாரத்தை இதற்கென ஒதுக்குங்கள். அவசரம் வந்த பின் கற்றுக்கொடுக்க முனைந்தால் எவருக்கும் பொறுமை இராது. ஓய்வு நாட்களில் நிதானமாகக் கற்றவர் பதம் தவறாமல் உழுது முடிப்பார். டிரைவருக்காக வாசலில் காத்திருக்கவும் தேவையிராது.