பெரிய சக்கரம் வாங்கும் முன் ஒரு ஒர்க் ஷீட்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம், ரயில் டிக்கெட் எடுக்கிறோம். இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்களா? ஒரு பொருளுக்குப் பணம் கட்டும் முன், அது நமக்குச் சரிப்படுமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராம் ஒன்று போதும். எக்ஸெல் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் இலவசமாகவே கிடைக்கிறது.

உதாரணத்திற்கு நாம் எடுத்துக்கொள்ளப் போகும் பொருள் சற்று வித்தியாசமானது: பெரிய சக்கரம் உள்ள யூனிசைக்கிள், அதாவது சர்க்கஸில் பார்த்திருப்பீர்களே, அந்த ஒற்றைச் சக்கர சைக்கிள். சர்க்கஸில் வருவது 20 அங்குலச் சக்கரம். தூரப் பயணத்துக்கு 29 அங்குலமும் 36 அங்குலமும் இருக்கின்றன. இங்கிலாந்து இளைஞர் எட் பிராட் 2015 மார்ச்சில் கிளம்பி 2018 ஜூலையில் ஊர் திரும்பினார். இடையில் அவர் உலகத்தைச் சுற்றி வந்தது 36 அங்குல யூனிசைக்கிளில்தான்.

நம்மூர் சைக்கிள் கடையில் இதை ஓட்டிப் பார்த்து வாங்க வழியில்லை. ஆன்லைனில் ஆர்டர் கொடுத்து, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். பார்சல் செலவு, சுங்க வரி வேறு. கிராங்க் நீளம் தப்பாகிவிட்டால் இன்னொரு பார்சலுக்கு மறுபடி பணம். அதனால் கணக்கு முதலில், ஆர்டர் பிறகு.

ஏன் பெரிய சக்கரம்?

நம் அப்பா, தாத்தா ஓட்டிய 28 அங்குல சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 48 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கும் மேல் சுற்றும். வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் போகும். யூனிசைக்கிளில் செயின் கிடையாது. பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. எனவே வேகம் வேண்டுமென்றால் சக்கரம்தான் பெரிதாக வேண்டும். செயின் வைத்த சைக்கிள் 1885-க்குப் பின் பரவும் முன்பு, முன் சக்கரம் மட்டும் ஆளுயரம் இருந்த பென்னி ஃபார்திங் சைக்கிளுக்கும் இதே காரணம்தான்.

ஷீட்டைத் தயார் செய்யுங்கள்

கால்க்கைத் திறந்து முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: சக்கரம் (அங்குலம்), கிராங்க் (மி.மீ.), ஒரு சுற்றில் தூரம், வேகம், மிதிக்கும் கடினம், உதிரிபாகம். அடுத்த நான்கு வரிசைகளில் சக்கர அளவாக 20, 24, 29, 36 என்று கொடுங்கள். கிராங்க் அளவாக முதல் மூன்றுக்கு 125, கடைசிக்கு 150 கொடுங்கள்.

தூரம்: மூன்றாவது நெட்டு வரிசையில் உள்ள செல்லில் சமக்குறி டைப் செய்து, அதே வரிசையின் சக்கர அளவைக் கிளிக் செய்து, நட்சத்திரக் குறியும் 0.0798 என்ற எண்ணும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அங்குல விட்டத்தை மீட்டர் சுற்றளவாக மாற்றும் எண் இது.

வேகம்: நான்காவது செல்லில் சமக்குறி, தூரத்தைக் கிளிக், நட்சத்திரக் குறி, 5.4, என்டர். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

மிதிக்கும் கடினம்: ஐந்தாவது செல்லில் சமக்குறி, சக்கர அளவைக் கிளிக், நட்சத்திரக் குறி, 12.7, வகுத்தல் குறி, கிராங்க் அளவைக் கிளிக், என்டர். சக்கரத்தின் ஆரம் கிராங்கைப்போல எத்தனை மடங்கு என்பதை இது சொல்லும். மடங்கு கூடினால் மிதிப்பதும் கடினம், நிறுத்துவதும் கடினம்.

மூன்று செல்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். மற்ற வரிசைகள் தாமாகவே நிரம்பிவிடும்.

ஷீட் என்ன சொல்கிறது?

20 அங்குலம்: சுற்றுக்கு 1.60 மீட்டர், மணிக்கு 8.6 கி.மீ., கடினம் 2.03.
24 அங்குலம்: 1.92 மீட்டர், 10.3 கி.மீ., கடினம் 2.44.
29 அங்குலம்: 2.31 மீட்டர், 12.5 கி.மீ., கடினம் 2.95.
36 அங்குலம்: 2.87 மீட்டர், 15.5 கி.மீ., கடினம் 3.05.

இப்போது 36-க்கு நேராக உள்ள 150-ஐ அழித்து 125 என்று மாற்றி என்டர் தட்டுங்கள். கடினம் 3.66 ஆகிவிடும். வேகக் கணக்கு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். குட்டைக் கிராங்க் தானாக வேகம் தராது. கால் சின்ன வட்டத்தில் சுற்றுவதால் நிமிடத்துக்கு அதிகச் சுற்று மிதிக்க முடியும், அவ்வளவே. அதற்கு விலையாக ஒவ்வொரு மிதியிலும் பலம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

தஞ்சைக்கு எது?

தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம். நாகப்பட்டினம் கடற்கரை 80 கிலோமீட்டர் தள்ளி. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு இல்லை. புது ஆற்றுக் கரையில் போனாலும் வெண்ணாற்றுக் கரையில் போனாலும் ஒரே சமதளம். அப்படியானால் குட்டைக் கிராங்க் போதும் என்று தோன்றும்.

ஆனால் டெல்டாவில் மேடு இல்லாவிட்டாலும் பாலம் உண்டு. ஆறு, வாய்க்கால் தோறும் சாலை ஏறி இறங்கும். நூறு மீட்டருக்கு 4 மீட்டர் ஏறும் பாலத்தில், ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ என்றால், பின்னால் இழுக்கும் விசை 3 கிலோ. இதைக் கடின எண்ணால் பெருக்குங்கள். 150 கிராங்கில் மிதிக்குச் சராசரியாக 9 கிலோ, 125-ல் 11 கிலோ. இறங்கும்போது இதே பலத்தைப் பின்னோக்கிக் கொடுத்தால்தான் வண்டி கட்டுக்குள் நிற்கும். யூனிசைக்கிளில் ஃப்ரீவீல் இல்லை. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல்லையும் வைக்கோலையும் நினைத்துப் பாருங்கள். சட்டென்று வேகம் குறைக்க வேண்டிய இடம் அது. ஆகவே முதல் முறை வாங்குபவர் 150-ஐத் தேர்ந்தெடுப்பதே நல்லது. 150-க்கும் 125-க்கும் சேர்த்து இரண்டு துளை உள்ள கிராங்குகள் கிடைக்கின்றன. பழகிய பின் பெடலைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டினால் போதும்.

ஆர்டருக்கு முன் கவனிக்க

கால் நீளம்: இருக்கையைக் கீழே இறக்கிய நிலையில் தரையிலிருந்து அதன் உயரம் எவ்வளவு என்று விற்பவரிடம் கேளுங்கள். அதிலிருந்து சக்கர ஆரத்தைக் கழித்து, கிராங்க் நீளத்தைக் கூட்டுங்கள். உயரம் 102 செ.மீ., சக்கரம் 36 அங்குலம், கிராங்க் 150 என்றால் விடை 71.3 செ.மீ. உங்கள் கால் உள்பக்கம் அதைவிடக் குட்டையாக இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பிரேக்: 36 அங்குலத்துக்கு டிஸ்க் பிரேக்கோ ரிம் பிரேக்கோ கட்டாயம் கேளுங்கள். முழங்கால் தப்பிக்கும்.

ஹப்பும் கிராங்கும்: சதுர முனை, ஐசிஸ் எனப் பல வகை உண்டு. இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். நம்மூர் காட்டர் பின் கிராங்க் இவற்றில் சேராது.

பெடல்: இடது பெடலின் மரை எதிர்த் திசையில் இருக்கும். சக்கரத்தை இடம் வலம் மாற்றி மாட்டினால் ஓட்டும்போதே பெடல் கழன்று வரும்.

உதிரிபாகம்: ஷீட்டின் கடைசி நெட்டு வரிசையை நிரப்பும் இடம் இதுதான். 29 அங்குல ரிம்மின் அளவு 622 மி.மீ. இன்றைய 29 அங்குல மலைச் சைக்கிள் டயர் அதில் பொருந்தும். பழைய 28 அங்குல சைக்கிளின் ரிம் 635 மி.மீ. என்பதால் அந்த டயர் பொருந்தாது. 36 அங்குல ரிம் 787 மி.மீ. இதன் டயரும் ட்யூபும் உள்ளூர்க் கடையில் இருக்காது. ஆர்டரிலேயே இரண்டு ட்யூபும் சில போக்ஸ் கம்பிகளும் சேர்த்துவிடுங்கள். வால்வ் ஷ்ரேடர் வகையா என்றும் கேளுங்கள். அப்படியானால் பெட்ரோல் பங்கிலேயே காற்று அடிக்கலாம்.

முடிவு என்ன?

கீழவாசல் போன்ற நெரிசலில் ஓட்டப் போகிறவருக்கு 29 அங்குலமே போதும். டயர் கிடைக்கும், ஏறி இறங்குவதும் எளிது. கரைச் சாலையில் தினமும் பத்து இருபது கிலோமீட்டர் போகிறவருக்கு மட்டும் 36. இன்னும் யூனிசைக்கிளே ஓட்டத் தெரியாதவர் இரண்டையும் விட்டுவிட்டு, 20 அங்குலத்தில் ஹெல்மெட்டுடன் பழகட்டும்.

யூனிசைக்கிள் வேண்டாம் என்பவர்களும் ஷீட்டை அழித்துவிடாதீர்கள். அடுத்து மோட்டார் பம்ப்செட்டோ பிரிண்டரோ வாங்கும்போது தலைப்புகளை மட்டும் மாற்றுங்கள். கடைசி நெட்டு வரிசையில் 'உதிரிபாகம் ஊரில் கிடைக்குமா?' என்ற கேள்வி அப்படியே இருக்கட்டும்.