கண்ணில் இடும் துளிமருந்து: நன்மையும் தீமையும்

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும் அக்கண்ணுக்கு இடும் மருந்தைப் பற்றி நம்மவர் கொண்டுள்ள அறிவு மிகச் சிறிதே. மருத்துவத் துறையைச் சாராத தமிழாசிரியன் ஒருவன் இப்பொருள்பற்றி எழுதப் புகுவதற்குக் காரணம் உண்டு. ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களிலே மக்கள் கைக்கு வரும் மருந்துக் குப்பிகளின் மேலுள்ள எழுத்துப் பெரும்பாலும் ஆங்கிலமே. அதனை வாசித்துப் பொருள் சொல்லுமாறு பெற்றோர் குப்பியைப் பிள்ளையின் கையிற் கொடுத்து ஆசிரியரிடம் அனுப்புவது வழக்கமாயுள்ளது. அங்ஙனம் வருவனவற்றுள் கண்மருந்தும் உண்டு. அவற்றுள் ஸ்டீரொயிட் எனப்படும் ஒருவகையைப் பற்றியேனும் நம் கல்லூரியின் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் தெளிவாக அறிந்திருத்தல் நன்று.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்துள்ள இரு சுரப்பிகள் நம் உடலில் உள்ளன. அவை சுரக்கும் பொருள்களுள் ஒன்றையொத்த கோட்டிசோன் என்னும் மருந்தை 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்திலே மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த நோயாளருக்கு முதன்முதலாகக் கொடுத்தனர். வியக்கத்தக்க பயன் விளைந்தது. அவ்வாராய்ச்சிக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்ரைன் என்னும் மூவருக்கும் 1950இல் நோபெல் பரிசு கிடைத்தது. அம்மருந்தின் வழிவந்தவையே இன்று கண்ணில் இடப்படும் பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன், பீற்றாமெதசோன், புளோரோமெதலோன் முதலியன. இப்பெயர்களின் ஈற்றை நோக்குக. ‘சோன்’ என்றோ ‘லோன்’ என்றோ முடியும் பெயர் குப்பியின் மேல் இருப்பின் அது பெரும்பாலும் ஸ்டீரொயிட் மருந்தே என ஐயுறலாம். கிருமிகொல்லி மருந்தோடு கலந்தும் இது விற்கப்படுவதால் சிறிய எழுத்தையும் வாசித்தல் வேண்டும்.

இம்மருந்து செய்யும் நன்மை பெரிது. கண்புரைச் சத்திரசிகிச்சையின் பின் கண்ணிலே தோன்றும் அழற்சியை இது தணிக்கின்றது. கண்ணின் உட்பகுதியில் உண்டாகும் அழற்சியைத் தணியாது விட்டால் பார்வை கெடும். அதற்கும் இதுவே முதன்மையான மருந்து. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இம்மருந்து கிருமி எதனையும் கொல்வதில்லை. கிருமியோடு உடல் நிகழ்த்தும் போரையே இது அடக்குகின்றது. போர் அடங்கவே சிவப்பு மாறும், வலி குறையும், நோய் தீர்ந்ததென்று நோயாளி மகிழ்வார். கிருமியோ தடையின்றிப் பெருகும். கள்வன் வீட்டினுள் இருக்கையிலே குரைக்கும் நாயைக் கட்டிப் போட்டுவிட்டு அமைதியாக உறங்குவதை இஃது ஒக்கும்.

தோட்டத் தொழிலாளர் இதனைச் சிறப்பாக உணர்தல் வேண்டும். கவ்வாத்து வெட்டும்போதோ கொழுந்தெடுக்கும்போதோ தேயிலை மிலாறு கண்ணிற் படுதல் கூடும். செடிகொடிகளாற் கருவிழியில் உண்டாகும் கீறலின் வழியாகப் பூஞ்சைக் கிருமி உட்புகுந்து புண்ணை விளைவிக்கலாம். அப்புண்ணுக்கு ஸ்டீரொயிட் மருந்தை இடுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகும். ஹேர்ப்பீஸ் என்னும் வைரசு கருவிழியிற் கிளைவிட்டுப் படர்ந்துள்ளபோதும் அவ்வாறே. லயத்திலே அயல்வீட்டார் முன்பு பாவித்து மிஞ்சிய குப்பியை இரக்கத்தோடு எடுத்துக் கொடுப்பர். அவர் கண்ணின் சிவப்பும் நம் கண்ணின் சிவப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கலாம். நோய் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. அதனை அறிய வைத்தியர் கருவி கொண்டு கண்ணைச் சோதித்தல் இன்றியமையாதது.

இரண்டாவது தீங்கு இன்னும் மறைவானது. கண்ணினுள்ளே ஒருவகை நீர் இடையறாது ஊறி வடிந்துகொண்டிருக்கின்றது. அதன் அழுத்தம் பாதரசத்தில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை இருத்தல் இயல்பு. ஸ்டீரொயிட் மருந்தைச் சில கிழமைகள் தொடர்ந்து இட்டால் சிலருக்கு அந்நீர் வடியும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும். நூற்றுக்கு 5 பேரளவில் இவ்வேற்றம் மிகக் கடுமையாகும். குளுக்கோமா உள்ளவருக்கும் அவர்தம் நெருங்கிய உறவினருக்கும், நீரிழிவு உடையோருக்கும் அபாயம் மிகுதி. வலியும் இராது, சிவப்பும் இராது. பார்வை நரம்பு சிறிது சிறிதாக அழிந்து, பார்வைப் பரப்பு ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வரும். அழிந்த நரம்பை மீட்க வழியில்லை. நெடுநாட் பாவனையால் கண்ணிற் புரை தோன்றுதலும் உண்டு. அதனையாவது சத்திரசிகிச்சையால் நீக்கலாம்.

ஆசிரியர்களும் பெற்றோரும் பிள்ளைகள் திறத்தில் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஒவ்வாமையாற் கண்ணரிப்புற்று ஓயாது கண்ணைக் கசக்கும் பிள்ளைக்கு இம்மருந்து விரைவில் சுகம் தரும். அதனால் ஒருமுறை எழுதிக் கொடுத்த துண்டையே காட்டி மாதக்கணக்கில் வாங்கி இடுவோர் உளர். கரும்பலகை தெரியவில்லை என்று அப்பிள்ளை சொல்லும் நாளில் காலம் கடந்திருக்கலாம்.

இனி, நம் மலைநாட்டையே கலங்கச் செய்த நிகழ்ச்சி ஒன்று. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலே கண்புரைச் சத்திரசிகிச்சை பெற்ற நோயாளர் பலர், அதன்பின் இடப்பட்ட பிரெட்னிசொலோன் துளிமருந்தால் கடும் பாதிப்புற்றனர். பார்வை இழந்தோரும் உளர். இந்தியாவிலிருந்து தருவிக்கப்பட்ட அம்மருந்தின் பாவனை நிறுத்தப்பட்டது. ஈண்டு இரண்டு தீங்குகளையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும். முன்னர்க் கூறியவை மருந்தின் இயல்பினால் வருவன. அவற்றை அளவும் கண்காணிப்பும் தடுக்கும். நுவரெலியாவில் ஐயத்துக்கு உள்ளானதோ வந்திறங்கிய மருந்தின் தரமாகும். அதனைக் காத்தல் அரசினதும் மருந்து செய்வோரதும் கடமை. நோயாளி எத்துணைக் கவனமாயிருந்தும் அதனைத் தடுத்தல் இயலாது. ஆதலின் அந்நிகழ்ச்சியை எண்ணி அஞ்சிச் சத்திரசிகிச்சையையோ, அதன்பின் வைத்தியர் தரும் மருந்தையோ மறுத்தல் பொருந்தாது. அச்சமும் கண்ணைக் கெடுக்கும். அசட்டையும் கண்ணைக் கெடுக்கும்.

மருந்தை இடும் முறையும் அறியத்தக்கது. முதலிற் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. பிரெட்னிசொலோன் போன்று அடியிற் படியும் மருந்தாயின் குப்பியை நன்கு குலுக்குக. தலையைச் சாய்த்துக் கீழிமையை இழுத்து ஒரு துளி மட்டும் விடுக. குப்பியின் நுனி கண்ணிலோ இமையிலோ விரலிலோ படலாகாது. பின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்துக. வேறு துளிமருந்தும் இடவேண்டுமாயின் 5 நிமிடமேனும் தாமதிக்க. குப்பியைத் திறந்த திகதியை அதன்மேல் எழுதி வைத்து, 4 கிழமைக்குப் பின் எறிந்துவிடுக. சுகம் கண்டதும் தாமாக நிறுத்துதலும் தவறு. அழற்சி மீண்டும் எழும். வைத்தியர் சொன்னபடி படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். சில கிழமைகளுக்கு மேல் இடவேண்டியிருப்பின் கண்ணழுத்தத்தை அளந்து பார்க்குமாறு கேட்க நாணவேண்டா. மருந்திடும் நாட்களில் வலி மிகுந்தாலோ, பார்வை மங்கினாலோ, பீளை பெருகினாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தோன்றினாலோ அன்றே குப்பியையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்க.

நம் கல்லூரியிற் பயின்றோருள் வைத்தியரும், மருந்தாளரும், தோட்ட வைத்திய உதவியாளரும், ஆசிரியரும் பலர் உளர். குப்பியைக் கொடுக்கும்போதே எத்தனை துளி, எத்தனை நாள், எப்போது மீண்டும் வரவேண்டும் என்னும் மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தால் அதுவே பெருந்தொண்டாகும். கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. விழா மலரைக் கையிலேந்தி இவ்வெழுத்துகளை வாசிக்கும் கண்கள் நீடு ஒளியுடன் விளங்குக.