முள் விழுந்தால் முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்

கோடை விடுமுறையில் நாக்பூரிலிருந்து ஹைதராபாத், பெங்களூரு வழியாகச் சொந்த வண்டியில் ஊருக்குப் போகும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. டீசல் ஷெட்டில் பல்லாண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில், அவர்களுக்காக இந்தச் சிறு விளக்கம்.

ஓடும் வண்டியில் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், "மீட்டர்தான் கெட்டிருக்கும்" என்று ஓட்டிக்கொண்டே போகிறவர்கள் அதிகம். எரியாத சிக்னலைச் சிவப்பாகவே கொள்ள வேண்டும் என்பது ரயில்வே விதி. இங்கும் அதுவே விதி. டீசல் ரயில் எஞ்சினில் ஆயில் பிரஷர் மிகக் குறைந்தால் அது தானே நின்றுவிட ஏற்பாடு உண்டு. பெரும்பாலான கார்களில் நிறுத்த வேண்டியவர் நாம்தான். தாமதித்தால் சில நிமிடங்களில் பேரிங் உருகி எஞ்சின் இறுகிவிடலாம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றுங்கள். ஊற்றியும் முள் எழாவிட்டால் மீண்டும் ஓட்ட வேண்டாம்.

அளவு சரியாக இருந்தால் அடுத்த சோதனை. பழைய ஜீப், கார்களில் எஞ்சினில் திருகியுள்ள சென்சாரிலிருந்து ஒற்றை ஒயர் மீட்டருக்குப் போகும். எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். அந்த ஒயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்கும், எஞ்சினின் உலோகத்தில் ஒரு கணம் தொட்டால் மறு கோடிக்கும் போக வேண்டும். போனால் மீட்டரும் ஒயரும் நலம். கோளாறு சென்சாரிலோ எஞ்சினிலோ இருக்கிறது. போகாவிட்டால் மீட்டர், ஒயர், ஃபியூஸ் பக்கம் தேட வேண்டும். ஆனால் அதனாலேயே எஞ்சின் நலம் என்று ஆகிவிடாது. கம்ப்யூட்டர் பொருத்திய இன்றைய வண்டிகளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

முடிவான தீர்ப்பு, சென்சாரைக் கழற்றி அதே துளையில் மெக்கானிக் பொருத்தும் தனி கேஜில்தான் கிடைக்கும். சூடான எஞ்சினில் 1000 சுற்றுக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு என்பது பழைய கணக்கு. சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பிரஷர் இருந்தால் சென்சாரை மாற்றினால் போதும். இல்லையென்றால் பம்பு, சல்லடை, தேய்ந்த பேரிங் என்று பார்க்க வேண்டும். இந்த கேஜை வைத்துப் பார்க்காமலே "எஞ்சினைப் பிரிக்கணும்" என்பவரிடம் சம்மதிக்காதீர்கள்.

முள் இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள கார்களில், சாவி போட்டதும் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஆபத்திலும் அது எரியாது. ஊருக்குப் புறப்படும் முன் இதை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.