ஸ்பொன்சர், திருமணம், அரசு: சில குறிப்புகள்

1

"பெடியன் சிற்றிசனோ, பி.ஆரோ?" யாழ்ப்பாணத்திலும் ஸ்காபறோவிலும் கல்யாணப் பேச்சுத் தொடங்கும்போது சாதகத்துக்கும் முன்னால் வந்துவிடுகிற கேள்வி இது. சாதி, சாதகம், சீதனம் என்றிருந்த பொருத்தங்களின் பட்டியலில் வதிவிட உரிமையும் ஒரு பொருத்தமாகச் சேர்ந்து பல காலமாகிறது. 'ஸ்பொன்சர்' என்ற சொல்லும் அப்படியே வந்து ஒட்டிக்கொண்டது. அதற்குத் தமிழ்ச் சொல் தேடவேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

எமது ஆட்கள் இச்சொல்லைக் 'கூப்பிடுவது' என்ற அர்த்தத்தில் பாவிக்கிறார்கள். "அண்ணா மனிசியை ஸ்பொன்சர் பண்ணிட்டார்" என்றால் கூப்பிட்டுவிட்டார், அவ்வளவுதான். கனேடியச் சட்டத்திலோ இது ஒரு பிணை. கூப்பிடுபவர் வருபவருக்காக அரசிடம் கையெழுத்து வைக்கிறார். கூடவே, அந்த உறவு உண்மையானது என்று இருவரும் அரசுக்கு நிரூபிக்கவும் வேண்டும். பிணை, நிரூபணம் என்ற இந்த இரண்டின் வழியாகவும் நாட்டின் எல்லை வீட்டுக்குள் வருகிறது. அந்த எல்லைக் காவலுக்கு எமது மரபே எப்படி உடந்தையாகிறது என்பதுதான் இங்கு எனது அக்கறை.

2

முதலில் பிணை. கணவனையோ மனைவியையோ அழைப்பவர் பதினெட்டு வயது நிரம்பிய குடியுரிமையாளராகவோ நிரந்தர வதிவிட உரிமையுள்ளவராகவோ இருக்கவேண்டும். பெற்றோரை அழைப்பதற்கு இருப்பதுபோன்ற வருமானக் கீழ்வரம்பு இதற்குப் பொதுவாக இல்லை. ஆனால், இயலாமை காரணமாக அன்றி வேறு காரணத்துக்காக அரசின் சமூக உதவிப் பணத்தில் வாழ்பவர் அழைக்க முடியாது. வறியவரின் கல்யாணம் கடல் தாண்டுவதில்லை.

அழைப்பவர் கொடுக்கும் உறுதிமொழியின் சாரம் இதுதான்: இவரது உணவு, உடை, உறையுள் என் பொறுப்பு, இவர் அரசிடம் உதவிப் பணம் எடுத்தால் அது என் கடன். 2002க்கு முன் இந்தப் பொறுப்பு பத்து வருஷம். அவ்வருஷம் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தோடு அது வாழ்க்கைத் துணைக்கு மூன்று வருஷமாகக் குறைந்தது. பெற்றோருக்கு 2014 முதல் இருபது வருஷம் (கியூபெக்கின் விதிகள் வேறு). இடையில் பிரிந்தாலும், விவாகரத்தே ஆனாலும் பொறுப்பு முடியாது. இந்தக் கடனை எதிர்த்து ஒன்ராறியோவைச் சேர்ந்த எட்டு ஸ்பொன்சர்கள் போன வழக்கில் 2011இல் கனேடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அறவிடுமுன் அவர்களுடைய நிலைமையைக் கேட்கவேண்டும், தவணை தரலாம், ஆனால் கடனைத் தள்ளுபடி செய்ய முடியாது என்பதே அதன் சாரம்.

சட்டத்தின் வாசகத்தில் ஆண், பெண் பேதமில்லை. எமது வரலாற்றில் உண்டு. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெரும்பாலும் ஆண்களே முதலில் அகதிகளாக வந்தார்கள். பெண்கள் கூப்பிடப்பட்டு வந்தார்கள். ஆகவே நடைமுறையில் இந்தப் பிணை, ஒரு பெண்ணின் வயிற்றுப்பாட்டை அரசு அவளது கணவனிடம் குத்தகைக்கு விடும் ஏற்பாடு. வீட்டை விட்டு வெளியேறி உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கும் பெண்ணிடம் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: "அவன்ரை தலையில கடனை ஏத்திப் போடாதை, பிள்ளை." பொறுத்துப் போ என்று மரபு சொல்வதும், பணத்தைக் கட்டு என்று அரசு சொல்வதும் இந்த ஒரு வசனத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

3

அடுத்தது நிரூபணம். இதற்கு ஒரு பழைய சம்பவத்திலிருந்து வரவேண்டும். 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓர் இந்தியப் பெண் வந்திறங்கினார். அங்கிருந்த தன் வருங்காலக் கணவனை மணமுடிக்க வந்தவர். அவர் உண்மையிலேயே மணமாகாதவர்தானா என்று அறிய, மருத்துவரைக் கொண்டு அவருக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்தார்கள். செய்தி பத்திரிகையில் வந்து பெரும் கண்டனம் எழுந்தது. வெள்ளை இனவாதம் என்று இதைச் சொல்வது சரிதான், ஆனால் போதாது. அந்த அதிகாரி கையில் வைத்திருந்த அளவுகோல் எது? 'இந்திய மணப்பெண் கன்னியாகத்தான் இருப்பாள்' என்பது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற அதே விதி அங்கே குடிவரவுச் சட்டமாக உருமாறியிருந்தது.

இன்று உடலைச் சோதிப்பதில்லை, அல்பத்தைச் சோதிக்கிறார்கள். எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசிவைத்தார்கள், எத்தனை பேர் வந்தார்கள், பெற்றோர் வந்தார்களா என்று படிவம் கேட்கிறது. தொலைபேசிப் பதிவுகள், வட்ஸ்அப் உரையாடல்கள், படங்கள் என்று கட்டுக் கட்டாகக் கொடுக்கிறோம். விண்ணப்பம் மறுக்கப்படும்போது வரும் காரணங்கள் கவனத்துக்குரியவை: மனைவிக்கு வயது கூட, ஒருவர் ஏற்கெனவே மணமுறிவு பெற்றவர், படிப்புப் பொருந்தவில்லை, சடங்கு சிறியது, உங்கள் சமூக வழமைக்கு இது மாறானது.

ஒரு சோடியை எடுத்துக்கொள்வோம். அவன் அகதியாக ஏற்கப்பட்டவன். இலங்கைக்குப் போனால் அந்தப் பாதுகாப்பே பறிபோகலாம் என்பதால் திருச்சியில் சந்திக்கிறார்கள். இருவரும் வேறுவேறு சாதி. அவள் அவனிலும் நாலு வயது மூத்தவள். இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. ஐயர் இல்லை, மேளம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டு நாலு நண்பர்களோடு சாப்பிடுகிறார்கள். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டின் திருத்தம் சட்ட அங்கீகாரம் தந்தது. சாதியை மீறியதற்காக ஊர் அவர்களைத் தண்டித்தது. அந்தத் தண்டனையின் தடயத்தையே, அதாவது வராத பெற்றோரையும் வெறுமையான பந்தலையும், விசா அதிகாரி பொய்க் கல்யாணத்தின் அடையாளமாக வாசிக்கிறார். ஒரே சாதிக்குள், சீதனம் பேசி, முன்னூறு பேருக்குச் சோறு போட்ட கல்யாணமோ இலகுவில் 'உண்மை' ஆகிவிடுகிறது.

2010இல் ஒரு சிறு மாற்றம் நடந்தது. அதற்கு முன், ஒரு திருமணம் உண்மையற்றதாகவும் இருந்து, குடிவரவு நன்மையையே முதன்மை நோக்கமாகக் கொண்டும் செய்யப்பட்டிருந்தால்தான் தள்ளுபடியாகும். 2010க்குப் பின் இரண்டில் ஒன்று போதும். 'உம்' போய் 'அல்லது' வந்தது. அந்த வாக்கியத்தில் நோக்கம் இறந்தகாலத்திலும் உண்மை நிகழ்காலத்திலும் நிற்கின்றன. பேப்பருக்காகத் தொடங்கி, கூடி வாழ்ந்து, பிள்ளை பெற்று, அன்பாக மாறிய உறவையும் தொடக்கத்து நோக்கத்தைக் காட்டி நிராகரிக்க இப்போது வழியுண்டு. குடும்பத்தையும் தனிச்சொத்தையும் அரசையும் ஒரே நூலில் வைத்து ஏங்கல்ஸ் 1884இல் எழுதினார். காணிக்காக, சாதிக்காக, சீதனத்துக்காகச் செய்யும் கல்யாணங்களில் அரசு நோக்கத்தைத் தேடுவதில்லை. ஏழை நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவரின் கல்யாணத்தில்தான் தேடுகிறது.

4

இனி, வீட்டுக்குள் நடப்பது. "உன்னை இஞ்ச கூப்பிட்டவன் நான். ஒரு கடிதம் போட்டனெண்டால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்." இந்த மிரட்டலில் எவ்வளவு உண்மை?

அவள் இன்னும் நிரந்தர வதிவிட உரிமை பெறவில்லையென்றால் அபாயம் மெய்யானது. உரிமை கிடைக்கும் வரைக்கும் அவன் விண்ணப்பத்தை மீளப்பெறலாம். அதனால்தான் குடும்ப வன்முறைக்கு ஆளான இப்படிப்பட்டவர்கள் கேட்கக்கூடிய ஒரு தற்காலிக அனுமதி 2019 முதல் இருக்கிறது. உரிமை பெற்றுவிட்டால் நிலைமை வேறு. அந்த உரிமை அவளுடையது. அடி தாங்காமல் வெளியேறுவதால், பிரிவதால், விவாகரத்தால் அது போகாது. 'பொய்க் கல்யாணம்' என்று அவன் முறையிடலாம், அரசு விசாரிக்கவும் செய்யலாம். ஆனால் கல்யாணம் முறிந்தது என்பது வேறு, தொடக்கத்திலேயே அது மோசடி என்பது வேறு.

பிறகு ஏன் இந்தப் பயம் போவதில்லை? 2012 ஒக்ரோபருக்கும் 2017 ஏப்ரலுக்கும் இடையில் இந்த மிரட்டலுக்குச் சட்டமே துணைநின்றது. உறவு இரண்டு வருஷத்துக்கு உட்பட்டதாகவும், பிள்ளை இல்லாமலும் இருந்தால், வந்தபின் இரண்டு வருஷம் ஒன்றாக வாழ்வது வதிவிட உரிமைக்கு நிபந்தனையாக இருந்தது. வன்முறைக்கு விதிவிலக்கு இருந்தது. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை அடி வாங்கியவள் தலையில்தான். விதி 2017இல் நீக்கப்பட்டது. நீங்கிய செய்தி, விதி வந்த செய்தியைப் போல வீடுகளுக்குள் போய்ச் சேரவில்லை. இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய புரட்சியல்ல. ஆனாலும் எமது கூட்டங்களில் எத்தனை தரம் இதைப் பேசியிருக்கிறோம்?

இன்னொன்றும் இருக்கிறது. படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், கடிதம் எழுதுபவர்கள் எங்களில்தான் பலர். "தாலி கட்டுற படம் கட்டாயம் வையுங்கோ, காலில விழுற படமும் இருந்தால் நல்லது" என்று சொல்வதும் நாங்கள்தான். வேண்டாமென்று விட்டுவந்த சடங்கைப் படத்துக்காக ஒருதரம் செய்யச் சொல்கிறோம். அந்த நேரத்தில் அது நல்ல ஆலோசனை. ஆள் வந்து சேரவேண்டும். ஆனால் நாம் கொடுக்கும் ஒவ்வொரு அல்பமும் 'தமிழ்க் கல்யாணம் என்றால் இதுதான்' என்று அந்த அதிகாரிக்குப் படிப்பிக்கிறது. அடுத்ததாக வரும் திருச்சிச் சோடியை அவர் அதைக்கொண்டே அளக்கிறார்.

வெளிநாட்டிலிருந்து போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் உண்டு. அங்கே போகிறவர்கள், "எங்கள் கல்யாணம் வழமைப்படிதான் நடந்தது" என்று கெஞ்சுவதை விட்டு, "வழமையை மீறினோம், ஏனென்றால் எங்கள் வழமை சாதி" என்று எழுதித் தரச் சொன்னால், எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தமா?